எந்தச் சட்டம் உங்களைப் பிடிக்கும்? கொழும்பிலிருந்து கிளம்பும் பெண்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

புதுக்கடை நீதிமன்றங்களுக்குப் பக்கத்தில், போட்டோ கொப்பி மெஷின் இரைந்துகொண்டே இருக்கும் ஓர் ஒடுக்கமான அறையில் உட்கார்ந்து சான்றிதழ்களை மொழிபெயர்ப்பதுதான் என் பிழைப்பு. போன மாதம் கொட்டாஞ்சேனையிலிருந்து ஒரு பெண் வந்தாள். கணவர் டுபாயில் வேலை. அவளும் மகனும் அங்கே போய்ச் சேர வேண்டும். திருமணச் சான்றிதழை நீட்டிக்கொண்டே, "அக்கா, அங்க ஷரீஆ சட்டமாம், முக்காடு போட வேணுமா?" என்று கேட்டாள். எனக்கு அவள் கேள்வி பாதிதான் காதில் விழுந்தது. கண் சான்றிதழிலேயே நின்றுவிட்டது. அதில் அவள் பெயர் தகப்பன் பெயரோடு சேர்ந்து முழுசாக இருந்தது. கடவுச்சீட்டில் தகப்பன் பெயர் வெறும் முதலெழுத்து, அதோடு அவள் சொந்தப் பெயரில் ஆங்கில 'எச்' ஒன்று கூடுதல். "முக்காடு வேண்டாம் தங்கச்சி, முதல்ல இந்தப் பெயரைச் சரிபண்ணுவம்" என்றேன்.

இத்தனை வருடத்தில் நான் பார்த்தது இதுதான்: பெண்கள் பயந்துகொண்டு போகும் விஷயம் ஒன்று, மாட்டிக்கொள்ளும் இடம் வேறு. கசையடி, கல்லெறி என்று யூடியூபில் பார்த்துப் பயப்படுவார்கள். மாட்டுவது விசா வகையில், வாசிக்கத் தெரியாத மொழியில் போட்ட கையெழுத்தில், ஒரு வட்ஸ்அப் குரல் பதிவில். நான் சட்டத்தரணி இல்லை. உங்கள் வழக்குக்கு ஒருவர் தேவைப்பட்டால் புதுக்கடையிலேயே சட்ட உதவி ஆணைக்குழுவின் தலைமை அலுவலகம் இருக்கிறது. அங்கே போவதற்கு முன்னால் நீங்களே செய்து முடிக்கக்கூடியதை இங்கே வரிசையாகச் சொல்கிறேன்.

முதலில் நம் வீட்டைப் பார்ப்போம்

"ஷரீஆவா, நாட்டுச் சட்டமா?" என்று கேட்கும்போதே இரண்டும் எதிரெதிர் வீட்டுக்காரர்கள் மாதிரி ஆகிவிடுகிறது. நம் நாட்டை எடுத்துக்கொள்ளுங்கள். யாழ்ப்பாணத்துப் பெண் ஒருத்தி, யாழ்ப்பாணத் தமிழரின் வழமைச் சட்டமான தேசவழமைப்படி, தன் சீதனக் காணியை விற்கக் கணவனின் எழுத்துச் சம்மதம் வாங்க வேண்டும். 1911ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டம் அப்படிச் சொல்கிறது, இன்றைக்கும் நொத்தாரிசுகள் அதைக் கேட்கிறார்கள். கண்டியருக்குத் தனிச் சட்டம். முஸ்லிம்களுக்கு 1951ஆம் ஆண்டின் விவாக, விவாகரத்துச் சட்டமும் காதி நீதிமன்றமும். பொதுச் சட்டத்தில் 1995 முதல் திருமண வயது 18. முஸ்லிம் சட்டத்தைத் திருத்தச் சொல்லி முஸ்லிம் பெண்களே பல வருடமாகப் போராடிக்கொண்டிருக்கிறார்கள். கருக்கலைப்பைக் குற்றமாக்கும் நம் தண்டனைச் சட்டக்கோவை 1883இல் வெள்ளைக்காரன் எழுதியது, அதற்கும் எந்த மதநூலுக்கும் சம்பந்தம் இல்லை.

ஆக, மதத்திலிருந்தோ வழக்கத்திலிருந்தோ வந்த ஒரு விதியை அரசு எடுத்துச் சட்டமாக எழுதும்போது, அல்லது நீதிபதி கையில் விடும்போது, அது பொலிஸின் கைக்கு வருகிறது. அங்கேயும் இதுதான் நடக்கிறது. அதனால் "அந்த நாட்டில் ஷரீஆ இருக்கிறதா" என்ற கேள்வி உங்களுக்கு உதவாது. எந்த விஷயத்தில், எந்த நீதிமன்றத்தில், யார் மேல் என்று கேளுங்கள்.

படி 1: போகும் நாடு எந்த ரகம் என்று பாருங்கள்

சவூதி அரேபியா ஒரு ரகம். 1992ஆம் ஆண்டின் ஆட்சி அடிப்படைச் சட்டத்தின் முதல் பிரிவே குர்ஆனும் நபிவழியான சுன்னாவும்தான் அரசியலமைப்பு என்கிறது. குடும்ப விவகாரங்களுக்கு 2022இல்தான் எழுத்தில் ஒரு சட்டம் வந்தது. குற்றங்களில் பலவற்றுக்கு முழுமையான தண்டனைக் கோவை இல்லை, நீதிபதியின் மதிப்பீட்டுக்கு இடம் அதிகம். அதே சவூதியில்தான் 2018இல் பெண்கள் வண்டி ஓட்டத் தொடங்கினார்கள், பாலியல் தொல்லைக்கு எதிரான தனிச் சட்டம் வந்தது. 2019 முதல் 21 வயதுக்கு மேற்பட்ட சவூதிப் பெண்கள் ஆண் பாதுகாவலரின் அனுமதி இல்லாமல் கடவுச்சீட்டு எடுக்கலாம். அதே வருடம் சுற்றுலா விசாவும் வந்தது. வெளிநாட்டுப் பெண்ணுக்கு அபாயா என்ற நீள அங்கி கட்டாயம் இல்லை, அடக்கமான உடை போதும். பத்து வருடத்துக்கு முன் ரியாத்தில் இருந்த மாமி சொல்வதை வைத்து இன்றைக்குப் பெட்டி கட்டாதீர்கள். ஈரானில் நிலைமை வேறு: அங்கே தலையை மூடுவது சுற்றுலாப் பயணிக்கும் சட்டப்படி கட்டாயம்.

அமீரகம், கட்டார், குவைத் அடுத்த ரகம். இங்கே எல்லாம் எழுதப்பட்ட சட்டக் கோவைகள். ஆனால் சில பிரிவுகளின் வேர் ஷரீஆவில் இருக்கிறது, அவை மதம் பார்க்காமல் எல்லோர் மேலும் பாயும். திருமணத்துக்கு வெளியே உடலுறவு கட்டாரில் ஏழு வருடம் வரை சிறைக்குரிய குற்றம். அமீரகம் 2020 இறுதியிலிருந்து இதைத் தளர்த்திக்கொண்டே வந்தது. மணமாகாதவர்கள் சேர்ந்து வசிப்பது இப்போது அங்கே குற்றம் இல்லை. 2022 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த தண்டனைச் சட்டப்படி, கணவரோ மனைவியோ பாதுகாவலரோ முறைப்பாடு செய்தால் மட்டுமே திருமணத்துக்கு வெளியிலான உறவு வழக்காகும். இந்த "முறைப்பாடு செய்தால்" என்ற சொல்லைக் கவனியுங்கள். ஊரில் கோபத்தோடு இருக்கும் கணவன் ஒருவன் டுபாயில் இருக்கும் மனைவி மேல் போடக்கூடிய வழக்கு அது. அமீரகத்துக்குள்ளேயே சார்ஜாவில் மது முழுத் தடை, டுபாயில் இல்லை. டாக்சியில் அரை மணி நேரம் போனால் சட்டம் மாறிவிடும்.

மலேசியா எங்கள் ஆட்களுக்குப் பழக்கமான இடம், ஆனால் சட்டத்தில் மிகவும் குழப்பமான இடமும் அதுதான். அங்கே இரண்டு தண்டவாளம். சிவில் நீதிமன்றம் எல்லோருக்கும், ஷரீஆ நீதிமன்றம் முஸ்லிம்களுக்கு மட்டும். மணமாகாத ஆணும் பெண்ணும் தனியாக அறையில் இருப்பது 'கல்வத்' என்ற குற்றம். அது இஸ்லாத்தைப் பின்பற்றுபவர் மேல் மட்டும்தான். வெள்ளவத்தையிலிருந்து இரண்டு தோழிகள் கோலாலம்பூர் போகிறார்கள், ஒருத்தி இந்து, ஒருத்தி முஸ்லிம் என்று வையுங்கள். ஒரே ஹோட்டல், ஒரே நாள், ஆனால் இருவர் மேலும் பாயக்கூடிய சட்டம் ஒன்றல்ல. இந்தோனேசியாவின் அச்சே மாகாணத்திலும் பெரும்பாலும் இப்படித்தான், ஆனால் 2016இல் மது விற்றதற்காக ஒரு கிறிஸ்தவப் பெண்ணுக்கே அங்கே பிரம்படி கொடுத்தார்கள். "நான் முஸ்லிம் இல்லையே" என்பதை முழுக் கவசமாக நினைக்க வேண்டாம் என்பதற்காகச் சொல்கிறேன்.

மாலைதீவு பக்கத்து வீடு மாதிரி, ஒன்றரை மணி நேரப் பறப்பு. அதனாலேயே யாரும் யோசிப்பதில்லை. ரிசோர்ட் தீவில் மதுவும் நீச்சலுடையும் சாதாரணம். மக்கள் வசிக்கும் தீவில் கெஸ்ட் ஹவுஸ் எடுத்தால், ஒதுக்கிய கடற்கரையைத் தவிர வேறெங்கும் அப்படி நிற்க முடியாது. வேறு மதத்தைப் பொதுவில் வழிபடவும் முடியாது.

லெபனானில் பதினெட்டுச் சமயப் பிரிவுகளை அரசு அங்கீகரிக்கிறது, குடும்பச் சட்டம் அவரவர் பிரிவுக்கு. வீட்டுப் பணிப்பெண்ணுக்கு அங்கே ஆபத்து ஷரீஆவிலிருந்து வருவதில்லை. 1946ஆம் ஆண்டுத் தொழிற்சட்டம் அவளைத் தொழிலாளியாகவே கணக்கில் எடுக்கவில்லை என்பதிலிருந்து வருகிறது.

படி 2: தாளில் நீங்கள் யார் என்று பாருங்கள்

மூன்று பெட்டிகள்: மதம், திருமண நிலை, விசா வகை. விண்ணப்பத்தில் இவற்றை ஏஜென்ட் நிரப்ப விடாதீர்கள்.

மதம் என்ற இடத்தில் "முஸ்லிம் என்று போட்டால் வேலைக்கு வீடு சீக்கிரம் கிடைக்கும்" என்று சில தரகர்கள் சொல்வார்கள். ஒரு தோட்டத்துப் பிள்ளைக்கு அப்படிப் போட்டுக்கொடுத்த விண்ணப்பத்தை நானே பார்த்திருக்கிறேன். அவளுக்கு அது தெரியாது. அந்த ஒரு சொல் எந்த நீதிமன்றம், எந்தத் திருமணச் சட்டம், இறந்தால் எந்த அடக்கம் என்பதுவரை தீர்மானிக்கும். ரம்ழான் பகலில் அவள் தண்ணீர் குடித்தாலும் கேள்வி வரும். அதேபோல், கல்யாணத்துக்காகவோ வேலைக்காகவோ "சும்மா பேப்பரில்" மதம் மாறுவதும் விளையாட்டில்லை. மலேசியாவில் இஸ்லாத்திலிருந்து வெளியேற ஷரீஆ நீதிமன்றத்தின் கதவைத் தட்ட வேண்டும், அது எளிதில் திறப்பதில்லை.

கலப்புத் திருமணம் செய்தவர்கள் இன்னும் கவனம். முஸ்லிம் பெண் ஒருத்தி தமிழ் இந்து ஆணைப் பொதுத் திருமணச் சட்டத்தில் பதிவு செய்தால், இங்கே அது முழுக்கச் செல்லும். சவூதி, குவைத் போன்ற இடங்களின் குடும்பச் சட்டத்தில் முஸ்லிம் பெண்ணுக்கும் முஸ்லிம் அல்லாத ஆணுக்கும் நடக்கும் திருமணம் செல்லாது. இங்கே கணவன் மனைவி, அங்கே இறங்கினால் அந்நியர். இந்த ஜோடிகள் டிக்கெட் எடுக்கும் முன்பே அந்த நாட்டுச் சட்டம் தெரிந்த ஒருவரிடம் பேச வேண்டும். விமான நிலையத்தில் பேசிப் பிரயோசனம் இல்லை.

படி 3: சான்றிதழ்களைச் சரிபண்ணுங்கள்

இது என் சொந்தத் தொழில், கொஞ்சம் நீட்டுவேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

குடும்பமாகப் போகிறவர்களுக்குத் திருமணச் சான்றிதழ்தான் சாவி. வளைகுடாவின் சில இடங்களில் கர்ப்பிணி ஆஸ்பத்திரியில் பதியும்போது கேட்பார்கள், பிள்ளையின் பிறப்பைப் பதியக் கேட்பார்கள், குடும்ப விசாவுக்குக் கேட்பார்கள். அது கையில் இல்லாவிட்டால், மணமான பெண்ணும் அந்த மேசைக்கு முன்னால் மணமாகாதவள்தான்.

வழி இது. பிரதேச செயலகத்தில் சான்றிதழின் புதிய பிரதி ஒன்று எடுங்கள். உம்மா அலுமாரியில் இருபது வருடமாக மடித்து வைத்த பிரதி வேண்டாம், மடிப்பில் எழுத்து அழிந்திருக்கும். பிறகு சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளரிடம் ஆங்கிலத்தில் மாற்றுங்கள். அடுத்தது பத்தரமுல்லை சுஹுருபாய கட்டடத்தில் உள்ள வெளிநாட்டமைச்சின் கொன்சியூலர் பிரிவில் அத்தாட்சி. வடக்கு, கிழக்கில் உள்ளவர்கள் யாழ்ப்பாணம், திருகோணமலை பிராந்திய அலுவலகங்களில் செய்யலாம், இதற்காகக் கொழும்புக்கு வந்து லொட்ஜில் தங்க வேண்டாம். அதற்குப் பிறகு, போகும் நாட்டின் கொழும்புத் தூதரக முத்திரை. அங்கே இறங்கியதும் அந்த நாட்டு வெளிநாட்டமைச்சின் முத்திரையும் அரபு மொழிபெயர்ப்பும். ஒரு முத்திரை விட்டுப்போனாலும் மற்றவை வெறும் மை.

இந்த வரிசை தொடங்கும் முன் ஒரு மேசையில் கடவுச்சீட்டு, பிறப்புச் சான்றிதழ், திருமணச் சான்றிதழ், பிள்ளைகளின் சான்றிதழ் எல்லாவற்றையும் பக்கத்துப் பக்கத்தில் விரித்துப் பெயரை எழுத்தெழுத்தாக ஒப்பிடுங்கள். நம் பெயர்களுக்கு இது தீராத வியாதி. ஒரு பதிவாளர் தகப்பன் பெயரை முன்னால் போடுவார், இன்னொருவர் முதலெழுத்தாக்குவார், கலியாணத்துக்குப் பிறகு கணவன் பெயர் பின்னால் ஒட்டும். 'ழ'வை ஒருவர் 'எல்' என்று எழுதுவார், இன்னொருவர் 'இசட் எச்' என்று எழுதுவார். இங்கே எல்லோருக்கும் விளங்கும். அரபு மட்டும் தெரிந்த ஓர் அதிகாரிக்கு அது இரண்டு பெண்கள். வித்தியாசம் சிறிதென்றால், இரண்டு பெயரும் ஒரே ஆளுடையது என்று சமாதான நீதவான் முன்னிலையில் ஒரு சத்தியக்கடதாசி முடியுங்கள், அதையும் மற்றவற்றோடு சேர்த்து அத்தாட்சிப்படுத்துங்கள். பிறந்த திகதியில் பிழை என்றால் கடதாசி போதாது, கடவுச்சீட்டையே திருத்த வேண்டும். ஏன் இதில் இவ்வளவு பிடிவாதம் என்பதை ஆறாம் படியில் சொல்கிறேன்.

படி 4: வேலைக்குப் போவதானால்

வளைகுடாவில் பெரும்பாலான பெண்களை வீழ்த்துவது 'கபாலா' என்ற அனுசரணை முறை. உங்கள் விசா உங்களை எடுத்த முதலாளியோடு கட்டப்பட்டிருக்கிறது. அடி தாங்காமல் வீட்டை விட்டு ஓடினால், அவர் "ஆள் தலைமறைவு" என்று ஒரு முறைப்பாடு போடுவார். சவூதியில் இதற்கு 'ஹுரூப்' என்று பெயர். அந்த நிமிடத்திலிருந்து அடி வாங்கியவள் குற்றவாளி. இது எந்த மதநூலிலும் இல்லை, குடிவரவுச் சட்டத்தின் வேலை. நல்ல செய்தியும் உண்டு. கட்டார் 2020இல் வீட்டுப் பணியாளர்களுக்கும் வெளியேறும் அனுமதியை நீக்கியது. குவைத்தில் 2015 முதல், அமீரகத்தில் 2022இன் சட்டப்படி, வீட்டுப் பணிப்பெண்ணுக்கெனத் தனிச் சட்டம் இருக்கிறது. அமீரகத்திலும் கட்டாரிலும் முதலாளி உங்கள் கடவுச்சீட்டைப் பிடித்து வைப்பது சட்டப்படி தவறு. பிடித்து வைக்கத்தான் செய்வார்கள். ஆனாலும் தவறு என்று தெரிந்து கேட்பதற்கும் தெரியாமல் கெஞ்சுவதற்கும் வித்தியாசம் இருக்கிறது.

இங்கே செய்ய வேண்டியது: வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தில், நாம் பீரோ என்று சொல்கிறோமே, அங்கே பதிவில்லாமல் கட்டுநாயக்கவுக்குப் போகாதீர்கள். மருதானையில் படியேறிய ஏஜென்சியின் அனுமதிப்பத்திர இலக்கத்தைப் பணியகத்தின் 1989 என்ற இலக்கத்துக்கு அழைத்துச் சரிபாருங்கள். "விசிட் விசாவில் போங்க, அங்க போய் மாத்தலாம்" என்று ஒருவன் சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள். 2022இல் ஓமானில் சிக்கிய நம் பெண்கள் பலர் அப்படிப் போனவர்கள்தான். விசிட் விசாவில் வேலை செய்தால் தொழிற்சட்டமும் உங்களுக்கு இல்லை, பணியகத்தின் காப்புறுதியும் இல்லை.

ஒப்பந்தத்தின் ஒவ்வொரு பக்கத்தையும் போட்டோ எடுத்து வீட்டில் ஒருவருக்கு அனுப்புங்கள். அங்கே போனதும் வேறொரு தாளை நீட்டுவார்கள், பழைய தாள் கையில் இருந்தால்தான் ஒப்பிடலாம்.

படி 5: பெட்டியும் போனும்

பெட்டியில் போடாதீர்கள் என்று எல்லோரும் மதுவையும் பன்றியிறைச்சியையும் சொல்வார்கள். நம் சமையலறை ஆபத்துகளை யாரும் சொல்வதில்லை. கசகசா. அபினிச் செடியின் விதை என்பதால் அமீரகம், சவூதி, கட்டாரில் தடை. நாம் பலூடாவில் போடும் கறுப்பு விதையையும் இங்கே கசகசா என்றுதான் சொல்கிறோம், அது உண்மையில் ஒரு துளசி இனத்தின் விதை, ஆபத்தில்லை. ஆனால் பக்கெட்டில் 'கசகசா' என்று எழுதியிருந்தால், சுங்க மேசையில் நின்று தாவரவியல் வகுப்பு எடுக்க முடியுமா? இரண்டையும் வீட்டிலேயே வைத்துவிடுங்கள். வெற்றிலை அமீரகத்துக்குத் தடை, அம்மம்மா கூட வந்தால் அவர் பையைத் திறந்து பாருங்கள். மதன மோதகத்தில் கஞ்சா இருக்கிறது, ஆயுர்வேதம் என்ற பெயர் அங்கே காப்பாற்றாது.

மருந்தில் கோடீன், ட்ரமடோல், டயஸிபாம், ப்ரீகபாலின் போன்றவை இருந்தால் மருந்துத் துண்டு மட்டும் போதாது. அமீரகத்துக்கு அங்குள்ள அரசிடம் ஒன்லைனில் முன்கூட்டியே அனுமதி எடுக்க வேண்டும். 2017இல் எகிப்தில் பிரிட்டிஷ் பெண் ஒருத்தி ட்ரமடோல் வில்லைகள் கொண்டுபோனதற்காக மூன்று வருடச் சிறைத்தண்டனை பெற்றாள். தன் துணைவரின் முதுகு வலிக்காக எடுத்துப்போனதாகச் சொன்னாள்.

மாலைதீவுக்கு வழிபாட்டுச் சிலை கொண்டுபோகத் தடை. கைப்பையில் கிடக்கும் சின்னப் பிள்ளையாரும் சிலைதான்.

போனில்: கேட்காமல் யாரையும், முக்கியமாகப் பெண்களையும் குழந்தைகளையும், படம் எடுக்காதீர்கள். அமீரகத்தில் வட்ஸ்அப்பில் ஒருவரைத் திட்டுவதும் 2021ஆம் ஆண்டின் இணையக் குற்றச் சட்டத்தில் வழக்காகலாம். நம் ஆட்கள் வீட்டுச் சண்டையைக் குரல் பதிவாக அனுப்புவதில் சூரர்கள். அந்தப் பதிவு எதிராளியின் சட்டத்தரணிக்குக் கட்டிய சோற்றுப் பொதி மாதிரி.

படி 6: ஏதாவது நடந்துவிட்டால்

மூதூரைச் சேர்ந்த ரிசானா நபீக்கை இங்கே மறந்தவர் யாரும் இல்லை. அவளுடைய வழக்கில் ஒன்றுக்குப் பின் ஒன்றாக உடைந்த கண்ணிகளைப் பாருங்கள். பிறந்த ஆண்டு 1988, கடவுச்சீட்டில் 1982. பதினேழு வயதுப் பிள்ளையை வயது கூட்டி அனுப்பினார்கள். 2005 மே மாதம் சவூதி போய்ச் சேர்ந்த சில வாரங்களில் அவள் பொறுப்பில் இருந்த கைக்குழந்தை இறந்தது. பால் கொடுக்கும்போது புரையேறியது என்றாள், கொலை என்றார்கள். முதல் வாக்குமூலத்தின்போது அவளுக்குச் சட்டத்தரணி இல்லை. மொழிபெயர்த்தவர் அந்த வேலைக்குத் தகுதியானவர் இல்லை என்பது பின்னால் எழுந்த முக்கிய வாதம். அந்த வாக்குமூலத்தை அவள் பிறகு மறுத்தாள், பலிக்கவில்லை. 2007இல் தவாத்மி நீதிமன்றம் மரண தண்டனை விதித்தது. அது கிஸாஸ் வழக்கு, பழிக்குப் பழி. அங்கே மன்னிக்கும் உரிமை அரசனுக்கு இல்லை, இறந்தவரின் குடும்பத்துக்குத்தான். நட்டஈடாக 'தியா' பணம் வாங்கிக்கொண்டும் மன்னிக்கலாம். குழந்தையின் பெற்றோர் மன்னிக்கவில்லை. 2013 ஜனவரி 9ஆம் திகதி தண்டனையை நிறைவேற்றினார்கள்.

எல்லோரும் கடைசி நாளை நினைத்து அழுகிறோம். நான் அந்த முதல் தாளை நினைப்பேன். பிழையான வயது, புரியாத மொழி, கீழே ஒரு கையெழுத்து.

ஆகவே, உங்களைப் பொலிஸ் அழைத்துப் போனால்:

கொன்சியூலர் அதிகாரிக்கு அறிவிக்கச் சொல்லுங்கள். 1963ஆம் ஆண்டின் வியன்னா ஒப்பந்தத்தின் 36ஆம் பிரிவு தரும் உரிமை இது, நீங்கள் கேட்டால் தாமதமின்றி அறிவிக்க வேண்டும். கேட்க வேண்டியது நீங்கள். "கொன்சுலேட், ஸ்ரீலங்கா" என்ற இரண்டு சொல் எந்த மொழிக்காரனுக்கும் விளங்கும். சவூதியில் ரியாத்தில் தூதரகமும் ஜித்தாவில் துணைத்தூதரகமும், அமீரகத்தில் அபூதாபியில் தூதரகமும் டுபாயில் துணைத்தூதரகமும் இருக்கின்றன. எது உங்களுக்குக் கிட்ட என்று போகும் முன்பே பார்த்து வையுங்கள்.

தமிழ் மொழிபெயர்ப்பாளர் கேளுங்கள். மலையாளமோ இந்தியோ "கொஞ்சம் விளங்கும்" என்று ஒப்புக்கொள்ளாதீர்கள். கொஞ்சம் விளங்கும் பாஷை தேநீர்க் கடைக்குப் போதும், வாக்குமூலத்துக்குப் போதாது.

வாசிக்க முடியாத தாளில் கையெழுத்துப் போடாதீர்கள். போட்டே ஆக வேண்டும் என்று நெருக்கினால், கையெழுத்துக்கு மேலே தமிழில் எழுதுங்கள்: "இது எனக்கு என் மொழியில் வாசித்துக் காட்டப்படவில்லை." திகதியும் போடுங்கள். அவர்கள் அதை உங்கள் பெயரின் நீளம் என்று நினைத்துக்கொள்ளட்டும். பின்னால் ஒரு நாள் என்னைப் போல ஒருத்தி அதை மொழிபெயர்ப்பாள்.

பாலியல் வன்முறை நடந்தால் நிலைமை இன்னும் சிக்கல், ஏனென்றால் முறைப்பாடு செய்யப் போனவள் மேலேயே வழக்கு திரும்பிய சம்பவங்கள் உண்டு. 2013இல் டுபாயில் முறைப்பாடு செய்த நோர்வேப் பெண் ஒருத்திக்குப் பதினாறு மாதச் சிறை விதித்தார்கள், பிறகு மன்னிப்புக் கிடைத்தது. 2021இல் கட்டாரில் மெக்சிக்கோப் பெண் ஒருத்திக்கும் அதே மாதிரி நடந்தது, அந்த வழக்கு அடுத்த வருடம் கைவிடப்பட்டது. இதைப் படித்துவிட்டு முறைப்பாடே செய்யாதீர்கள் என்று நான் சொல்லவில்லை. வரிசையை மாற்றுங்கள். முதலில் பாதுகாப்பான இடம், அடுத்து தூதரகத்துக்கு அழைப்பு, அப்புறம் அவர்கள் துணையோடு ஆஸ்பத்திரியும் பொலிஸும். குளிக்காதீர்கள், உடுப்பைக் கழுவாதீர்கள், காகிதப் பையில் வையுங்கள். அவன் அனுப்பிய செய்திகளை அழிக்காமல் ஊரில் ஒருவருக்கு அனுப்பி வையுங்கள். சட்டத்தரணி வரும்வரை நீண்ட வாக்குமூலம் வேண்டாம். பொய் ஒன்றும் சொல்லாதீர்கள், ஒரு பொய் அகப்பட்டால் உண்மை எல்லாம் அதோடு போய்விடும்.

வேலை வீட்டிலிருந்து தப்பினால் தோழியின் அறைக்குப் போகாதீர்கள், அவளும் மாட்டுவாள். நேரே தூதரகத்துக்குப் போங்கள். நம் பெண்கள் அதிகமாக வேலை செய்யும் நாடுகளில் தூதரகங்கள் பாதுகாப்பு இல்லங்கள் நடத்துகின்றன. இட நெருக்கடிதான், ஆனால் 'தலைமறைவு' என்ற முறைப்பாட்டுக்கு எதிரான உங்கள் முதல் சாட்சி அந்தப் பதிவேட்டில் இருக்கும் உங்கள் பெயரும் நேரமும்.

படி 7: கணவன், பிள்ளை, சொத்து

கணவரின் விசாவில் போகிறவர்கள் இதைக் கசப்பாக எடுக்காமல் வாசியுங்கள். உங்கள் வசிப்பு அனுமதி அவர் பெயரில் தொங்குகிறது. அவர் ரத்துச் செய்தால் நாட்கள் எண்ணப்படும். அமீரகம் 2018 முதல் விதவைகளுக்கும் மணமுறிவு பெற்றவர்களுக்கும் அனுசரணையாளர் இல்லாமல் ஒரு வருடம் தங்க இடம் கொடுத்திருக்கிறது. பல நாடுகளில் அதுகூட இல்லை.

முஸ்லிம் அல்லாதவர்களுக்கு அமீரகத்தில் 2023 பெப்ரவரியிலிருந்து தனியான சிவில் குடும்பச் சட்டம் நடைமுறையில் இருக்கிறது. குற்றம் காட்டாமல் மணமுறிவு, பிள்ளைகளின் பொறுப்பு இருவருக்கும் பொது, சாட்சியத்தில் ஆணும் பெண்ணும் சமம். உயில் இல்லாமல் கணவர் இறந்தால் பாதி மனைவிக்கு, மீதி பிள்ளைகளுக்குச் சமமாக. விரும்பினால் சொந்த நாட்டுச் சட்டத்தையும் கேட்கலாம். கொழும்பில் வசிக்கும் யாழ்ப்பாணத் தமிழச்சிக்குச் சொந்த நாட்டுச் சட்டம் எது, பொதுச் சட்டமா தேசவழமையா என்று அபூதாபி நீதிபதிக்கு விளங்கவைக்கும் சட்டத்தரணியை எனக்கு ஒருமுறை பார்க்க ஆசை. உயில் ஒன்று எழுதி அங்கே பதிந்துவிடுங்கள், அந்தக் கூத்து தேவைப்படாது.

பிள்ளைகள் விஷயத்தில் அவசரப்படாதீர்கள். சிறுவர் கடத்தல் தொடர்பான 1980ஆம் ஆண்டின் ஹேக் ஒப்பந்தத்தில் இலங்கை சேர்ந்திருக்கிறது, அமீரகமும் சவூதியும் குவைத்தும் சேரவில்லை. பிள்ளை அங்கே இருக்கும்போது பிரிவு வந்தால், தகப்பன் அந்த நாட்டு நீதிமன்றத்தில் பயணத்தடை கேட்கலாம். புதுக்கடையில் நீங்கள் எடுக்கும் கட்டளையை அங்கே யாரும் தானாக நிறைவேற்ற மாட்டார்கள். சண்டை முற்றிய பிறகு "விடுமுறைக்கு வா, பேசுவோம்" என்று அழைத்தால் பிள்ளையை இங்கே விட்டுவிட்டுத் தனியாகப் போங்கள்.

மலேசியாவில் ஈப்போவைச் சேர்ந்த தமிழ்த் தாய் எம். இந்திரா காந்தி நினைவிருக்கலாம். 2009இல் கணவர் தான் மதம் மாறியதோடு மூன்று பிள்ளைகளையும் தாயைக் கேட்காமல் மாற்றிப் பதிந்தார். ஷரீஆ நீதிமன்றத்தில் பிள்ளைகளின் பொறுப்பையும் வாங்கினார். அவள் முஸ்லிம் இல்லாததால் அந்த நீதிமன்றத்தில் போய் வாதாடவும் வழியில்லை. 2018 ஜனவரியில் கூட்டரசு நீதிமன்றம் அந்த மதமாற்றம் செல்லாது என்றது. ஒன்பது வருடம். தீர்ப்பு கைக்கு வந்தபோதும் கடைக்குட்டி தகப்பனிடம்தான் இருந்தாள்.

கையில் ஒரு துண்டு

போன் பறிபோகும், சார்ஜ் இறங்கும். ஒரு சின்னத் துண்டில் பேனாவால் எழுதி, கைப்பையில் வேண்டாம், உடுப்போடு வைத்துக்கொள்ளுங்கள்: கடவுச்சீட்டு இலக்கம், தூதரக இலக்கம், ஊரில் உள்ள ஒரு ஆளின், உங்களுக்கு மனப்பாடம் இல்லாத இலக்கம், அந்த நாட்டுப் பொலிஸ் இலக்கம். அமீரகம், கட்டார், மலேசியாவில் 999. ஓமானில் 9999. குவைத்தில் 112. மாலைதீவில் நம் ஊரைப் போலவே 119. இங்கிருந்து முறைப்பாடு செய்யும் உறவினருக்குப் பணியகத்தின் 1989ஐயும் எழுதிக் கொடுத்துவிட்டுப் போங்கள்.

கொட்டாஞ்சேனைப் பெண் சத்தியக்கடதாசியில் கையெழுத்து வாங்கிக்கொண்டு மூன்றாம் நாள் திரும்பி வந்தாள். முகம் தெளிந்திருந்தது. மகனுடைய பிறப்புச் சான்றிதழையும் கையோடு கொண்டு வந்திருந்தாள். தாயின் பெயர் என்ற இடத்தில் அந்த 'எச்' இருந்தது, ஆனால் அவளுடைய தகப்பன் பெயர் இல்லை. நான் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு இன்னொரு தாளை எடுத்தேன்.